குதிரையிடம் கேட்பது எப்படி, விடுவது எப்போது

ராகலைப் பக்கத் தோட்டமொன்றில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அவருடைய மகளுக்கு 13 வயது. நுவரெலியா கிரகரி வாவிக் கரையில் மட்டக்குதிரை மேல் ஒரு சுற்றுப் போய்வந்ததில் இருந்து பிள்ளைக்குக் குதிரை நினைப்புத்தான். இப்போது கைப்பேசியில் டிரெஸாஜ் என்கிற குதிரையேற்றப் போட்டிகளைத் தேடித் தேடிப் பார்க்கிறாளாம். "அப்பா, மேலே இருக்கிற அக்கா ஒன்றுமே செய்யவில்லை, குதிரை மட்டும் ஆடுது, எப்படி?" என்று கேட்டிருக்கிறாள். தம்பிக்கு அதோடு இன்னும் இரண்டு கேள்வி. இது நிஜமாகவே குதிரையும் ஆளும் சேர்ந்து செய்வதா, இல்லை அடித்துப் பழக்கிய சர்க்கஸா? நம் பக்கத்துப் பிள்ளை இதைக் கற்க வழி இருக்கிறதா?

தம்பி, முதலில் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அவள் கவனித்தது சரியான இடம். நான் கந்தப்பளைப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன். வளைகுடா நாடொன்றில் 11 வருடம் குதிரை லாயங்களில் வேலை. முதலில் சாணி அள்ளினேன், அப்புறம் குதிரை தேய்த்தேன், கடைசி ஐந்து வருடம் ஏறிப் பழக்கினேன். இப்போது நுவரெலியாவில் பந்தயத்தில் இருந்து ஓய்வுபெற்ற இரண்டு குதிரைகளோடும் சில பிள்ளைகளோடும் நாள் போகிறது. அந்த அக்கா ஒன்றுமே செய்யாதது போல் தெரிவதற்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு வருட வேலை இருக்கிறது.

டிரெஸாஜ் என்பது பிரெஞ்சுச் சொல். பழக்குதல், பயிற்றுவித்தல் என்றுதான் பொருள். 60 மீற்றர் நீளம், 20 மீற்றர் அகலத்தில் ஒரு திடல். ஓரத்தில் ஏ, கே, ஈ, எச் என்று எழுத்துப் பலகைகள் நிற்கும். எந்த எழுத்தில் எந்த நடையைத் தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு அசைவுக்கும் நடுவர்கள் பூச்சியத்தில் இருந்து 10 வரை புள்ளி போடுவார்கள், அரைப் புள்ளியும் உண்டு. எல்லாம் கூட்டி விழுக்காடாகச் சொல்வார்கள். விதி அவ்வளவுதான்.

பிள்ளை பார்த்த "ஆட்டம்", அதாவது நின்ற இடத்திலேயே தாளம் மாறாமல் கால் தூக்கி வைப்பது, காற்றில் ஒரு கணம் தங்கித் தங்கி ஓடுவது, எல்லாம் குதிரைக்கு யாரோ சொல்லிக் கொடுத்த வித்தை இல்லை. மேய்ச்சலுக்கு விட்ட இளங்குதிரை புதுக் குதிரை ஒன்றைக் கண்டால் வாலை உயர்த்திக்கொண்டு தானாகவே அப்படி ஓடும். நம் பழைய நூல்களில் குதிரையின் ஐந்து நடைக்கு ஐங்கதி என்று பேர், அதில் ஒன்று மயூரகதி, மயில் நடை. யாரும் சொல்லாமல் குதிரையே செய்கிற அந்த நடையை, முதுகில் ஓர் ஆள் இருக்கும்போதும் அதே விருப்பத்தோடு செய்ய வைக்க முடியுமா என்பதுதான் டிரெஸாஜ் கேட்கிற கேள்வி.

சரி, எப்படிச் செய்ய வைப்பது? அடுத்த முறை வாவிக் கரைக்குப் போனால் பிள்ளையைக் குதிரை மேல் ஏற்றாமல் பக்கத்தில் நிற்க வைத்து ஒன்றைக் காட்டுங்கள். குதிரையின் விலாவில் ஓர் ஈ வந்து உட்காரும். உட்கார்ந்த இடத்துத் தோல் மட்டும் வெடுக்கென்று சிலிர்த்து ஈயை உதறிவிடும். ஓர் ஈயின் எடை தெரிகிற தோல் அது. அதன் மேல் 40, 50 கிலோ ஆள் உட்கார்ந்தால், அந்த ஆள் மூச்சு இழுப்பதும், இடுப்பை இறுக்குவதும், பயந்து முழங்காலை அழுத்துவதும் தெரியாமலா போகும்? எல்லாம் தெரியும். அதிகமாகவே தெரியும். குதிரையேற்றத்தில் பாதிச் சிக்கல், நாம் பேசுகிறோம் என்று நமக்கே தெரியாமல் நாள் முழுக்கக் குதிரையோடு பேசிக்கொண்டிருப்பதால் வருவது.

இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1900களின் தொடக்கத்தில் ஜேர்மனியின் பேர்ளினில் ஹான்ஸ் என்றொரு குதிரை இருந்தது. கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். ஊரே வியந்தது. 1907இல் ஒஸ்கார் ஃபுங்ஸ்ற் என்ற ஆய்வாளர் சோதித்துப் பார்த்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவரைக் குதிரை பார்க்க முடியாவிட்டாலும் விடை வரவில்லை. நடந்தது இதுதான்: தட்டல் சரியான எண்ணுக்கு வந்ததும் கேட்டவரின் தலையும் உடம்பும் மயிரிழை அளவுக்கு அசைந்தன, அந்தக் குதிரை அதைப் பார்த்து நிறுத்தியது. சொந்தக்காரர் ஏமாற்றவில்லை, தான் அசைவதே அவருக்குத் தெரியாது. "அப்போ அதுக்குக் கணக்குத் தெரியாதா" என்று பலர் ஏமாந்து போனார்கள். எனக்கோ கணக்கைவிட இதுதான் பெரிய அறிவாகத் தெரிகிறது. அறிமுகமில்லாத மனிதனின் மயிரிழை அசைவைப் படிக்கிற உயிர்.

ஆகவே சவாரி செய்பவர் முதலில் கற்க வேண்டியது, உடம்பில் தேவையில்லாத பேச்சை நிறுத்துவது. அப்புறம்தான் ஒன்றைக் கேட்பது. கேட்டதை விட முக்கியம், குதிரை பதில் சொன்ன அந்த நொடியிலேயே விடுவது. காலால் மெல்ல அழுத்துகிறோம், குதிரை ஓர் அடி முன்னே வைக்கிறது, கால் உடனே தளர வேண்டும். அந்தத் தளர்வுதான் குதிரைக்கு "ஆமாம், அதுதான்" என்று நாம் சொல்வது. ஒரு நொடி பிந்தினால் எதற்கு ஆமாம் சொன்னோம் என்று அதற்குப் புரியாது. தளர்த்தவே இல்லையென்றால், அந்த அழுத்தம் எப்போதும் இருக்கிற ஒன்று என்று எடுத்துக்கொண்டு மரத்துப்போகும். குதிரை அழுத்தத்தில் இருந்து கற்பதில்லை தம்பி, அழுத்தம் போகிற இடத்தில் இருந்து கற்கிறது. இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் பழக்கம்தான்.

இதை நான் சுலபமாகக் கற்கவில்லை. வளைகுடா போன ஏழாம் வருடம் எனக்கு ஒரு சாம்பல் நிறப் பெண் குதிரையைக் கொடுத்தார்கள். ஓட ஆரம்பித்தால் நிற்காது. நான் இழுப்பேன், அது தலையைத் தூக்கி இன்னும் வேகமாகப் போகும். ஒரு மாதத்தில் அதன் வாயோரம் புண்ணாகிவிட்டது. நான்தான் அந்தப் புண்ணுக்குக் காரணம், இன்றைக்கும் அந்த உதட்டோரம் என் கண்ணில் நிற்கிறது. அங்கே ஒரு வயதான பாகிஸ்தான்காரர் வேலை பார்த்தார். அவர் ஒன்றும் திட்டவில்லை. கடிவாளத்தைக் கழற்றிக் கொண்டுவந்து, குதிரையின் வாய்க்குள் போகிற இரும்பை என் இரண்டு கையிலும் கொடுத்து, கண்ணை மூடச் சொன்னார். அவர் பின்னால் நின்று வாரைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் இழுத்தார். நானும் என்னை அறியாமல் எதிர்த்து இழுத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வோம். அப்புறம் அவர் இழுக்கவில்லை, விரல்களை மட்டும் மூடினார், ஈரத்துணியைப் பிழிவது போல. என் கையில் இரும்பு கொஞ்சம் கனத்தது. நான் கையை ஒரு அங்குலம் இளக்கியதுமே அவர் விரல் திறந்துவிட்டது. மறுபடி மூடினார், நான் இளக்கினேன், திறந்தது. நாலாவது தடவை அவர் மூட நினைக்கும்போதே என் கை இளகியிருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன், அவர் சிரித்துக்கொண்டிருந்தார். குதிரையின் வாயில் முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி ஒன்று உண்டு, இரும்பு தங்குவது அங்கே, நாக்கின் மேலும் மெல்லிய ஈறின் மேலும். அந்த இடத்தில் ஒரு மாதமாக என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அம்மா ஞாபகம் வந்தது. அம்மா 30 வருடம் கொழுந்து எடுத்தவர். பக்கத்து நிரைக்காரியோடு பேசிக்கொண்டே இருப்பார், கண் எங்கோ இருக்கும், கட்டைவிரலும் சுட்டுவிரலும் தளிர் எது, முற்றல் எது என்று தானாகக் கண்டுபிடிக்கும். தளிர் ஒடிகிற இடம் விரலுக்குத் தெரியும், அதற்கு மேல் பலம் போடமாட்டார். சின்ன வயதில் நான் உதவிக்குப் போய்ப் பிடித்து இழுத்தால் செடி ஆடும். "செடியோட சண்டை போடாதப்பா" என்பார். டிரெஸாஜில் "கை" என்று சொல்வது இந்தக் கையைத்தான். நம் தோட்டத்துப் பெண்களின் விரலில் அது ஏற்கெனவே இருக்கிறது என்பதை மனதாரச் சொல்கிறேன். உங்கள் மகளின் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

கை அப்படி. இடுப்பும் காலும் இன்னும் நுட்பம். குதிரை நடக்கும்போது இடது பின்னங்கால் தரையை விட்டு எழும்பி முன்னே வரும்போது வயிறு வலப்பக்கம் ஊசலாடும், மேலே இருப்பவரின் இடது இடுப்பு சற்றே கீழே இறங்கும். அடுத்த அடியில் வலது. தரையில் ஊன்றிய காலை நாம் என்ன கேட்டாலும் அதால் நகர முடியாது, அரைத் தொன் எடையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. எழும்புகிற காலைத்தான் கேட்க வேண்டும். நல்ல சவாரிக்காரரின் கால் அந்த நொடியில்தான் தொடும். அதனால்தான் தொட்டது வெளியே தெரிவதில்லை, வயிறு மறுபக்கம் விலகும்போது கால் தானாகவே உள்ளே விழுந்து தொட்டுவிடுகிறது. உங்கள் மகளுக்கு இதைப் பழக்கலாம். யாராவது குதிரையைக் கயிற்றில் பிடித்து மெதுவாக நடத்தட்டும், அவள் கண்ணை மூடிக்கொண்டு "இடது, வலது" என்று பின்னங்காலைச் சொல்லட்டும். கீழே நிற்கும் நீங்கள் சரிபாருங்கள். என்னிடம் வருகிற பிள்ளைகள் இரண்டு மூன்று வாரத்தில் பிடித்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்குத்தான் நாளாகிறது.

இந்தப் பயிற்சிக்கு ஓர் ஏறுவரிசை உண்டு, ஜேர்மன்காரர்கள் ஒழுங்குபடுத்தியது. முதல் படி லயம். (நம் ஊரில் லயம் என்றால் வரிசை வீடுதான் ஞாபகம் வரும், நான் சொல்வது தாளத்தில் வரும் லயம்.) சாதாரண நடைக்கு நாலு தட்டு, ட்ரொட் என்கிற ஓட்டத்துக்கு இரண்டு, கென்டர் என்கிற பாய்ச்சலுக்கு மூன்று. தட்டு மாறாமல் வந்தால்தான் அடுத்தது உடம்பின் தளர்வு. பிறகு வாய்க்கும் கைக்குமான தொடர்பு, பின்னங்காலில் இருந்து வருகிற உந்தல், உடம்பு கோணாமல் நேராக வருவது, கடைசியில் எடையைப் பின்னங்கால்களில் சேர்த்து முன்பக்கம் இலேசாவது. குதிரை பிறவியிலேயே எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்னங்கால்களில் தாங்குகிறது, முதுகில் ஆள் ஏறினால் இன்னும் கூடும். அந்தப் பாரத்தைப் பின்னுக்குக் கொண்டுபோகப் பின்னங்கால் மூட்டுகள் மடங்கித் தாங்கப் பழக வேண்டும், தசை வளர வேண்டும். வருடக்கணக்கில் ஆகும் வேலை. ஒலிம்பிக் நிலைப் போட்டியில் 8 வயது நிரம்பாத குதிரையை இறக்க விதியே விடாது. அவசரப்படுத்தினால் முதலில் கெடுவது தளர்வு, அதற்குப் பின் முதுகு.

பலம் வேண்டாமா என்று ஆண் பிள்ளைகள் கேட்பார்கள். டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டலைச் சொல்வேன். 1944இல் போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே செயலற்றுப் போனவர். ஏறவும் இறங்கவும் ஆள் உதவி வேண்டும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், டிரெஸாஜில் பெண்களை முதன்முதலாக அனுமதித்த அந்த வருடமே, ஜூபிலி என்ற குதிரையோடு வெள்ளி வென்றார். தங்கம் வென்ற சுவீடன் வீரர் அவரைக் கைபிடித்து மேடைக்குக் கூட்டிப்போனார். 1956இலும் வெள்ளி. கீழ்க்காலால் ஒரு சொல்லும் சொல்ல முடியாத பெண்ணோடு, அவருடைய இடுப்பையும் எடையையும் கேட்டுக்கொண்டே அந்தக் குதிரை எல்லாம் செய்தது. ஜூபிலியை அவர் அப்படிப் பேசப் பழக்கினார், ஜூபிலி அவரை அப்படிக் கேட்கப் பழகியது. கூட்டு என்றால் எனக்கு இதுதான்.

இப்போது உங்கள் கசப்பான கேள்வி. அடி இல்லையா? இருக்கிறது. மறைக்க மாட்டேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கச் சில நாள் இருக்கும்போது, பிரித்தானியாவின் பெயர்பெற்ற வீராங்கனை ஒருவர் பயிற்சியில் குதிரையின் காலில் திரும்பத் திரும்பச் சவுக்கால் அடித்த காணொளி வெளிவந்தது. அவர் விலகிக்கொண்டார், ஒரு வருடத் தடையும் வந்தது. அவ்வளவு உயரத்தில் இருப்பவருக்கே அது நேர்ந்தது என்பது எங்களைப் போன்றவர்களை உலுக்கிவிட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கில், ஒரே வீரர் ஐந்து விளையாட்டில் இறங்குகிற நவீன ஐந்திறப் போட்டியில் வேறு விதமான கொடுமை. அதில் வீரருக்கு முன்பின் தெரியாத குதிரையைக் குலுக்கலில் கொடுத்து, பழக 20 நிமிடம்தான் தருவார்கள். முதலிடத்தில் இருந்த ஜேர்மன் வீராங்கனைக்கு வந்த குதிரை தாண்ட மறுத்தது, அவர் அழுதார், அடித்தார், பயிற்சியாளர் குதிரையைக் குத்தினார். உலகமே பார்த்தது. பாரிஸுக்குப் பிறகு அந்தப் போட்டியில் இருந்து குதிரையையே எடுத்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பெண் மேலும் இரக்கம்தான், 20 நிமிடத்தில் யாரும் யாரோடும் சேர முடியாது.

அதனால் பிள்ளை காணொளி பார்க்கும்போது குதிரையின் காலைப் பார்ப்பதை ஒரு நாள் விட்டுவிட்டு மற்றதைப் பார்க்கச் சொல்லுங்கள். காது ஒன்று பின்னே மேலே இருப்பவரை நோக்கியும் ஒன்று முன்னேயும் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தால் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டும் கழுத்தோடு ஒட்டிக் கிடந்தால் கோபம் அல்லது வலி. வால் நடைக்கேற்ப ஊசலாட வேண்டும், சுள் சுள்ளென்று வீசினால் ஏதோ பிடிக்கவில்லை. வாய் பிளந்திருந்தாலோ, மூக்கு நெஞ்சை நோக்கி உள்ளே இழுபட்டிருந்தாலோ கை கனமாக இருக்கிறது. மூக்கு நெற்றிக்கு நேர்கீழாகவோ கொஞ்சம் முன்னாலோ நிற்க வேண்டும். புள்ளி எத்தனை வந்தாலும் இதைப் பாருங்கள். வாவிக் கரைக் குதிரையிலும் இதே கண்ணோடு பாருங்கள், வயிற்றுப் பட்டைக்குக் கீழே புண் இருக்கிறதா, குளம்பு நாறுகிறதா என்று. நம் மழைக்கும் சேற்றுக்கும் குளம்பின் அடியில் அழுகல் சீக்கிரம் வரும், தினமும் சுரண்டிக் காயவிட வேண்டும்.

கற்க வழி. உண்மையைச் சொன்னால், பெரிய போட்டிக்கு ஏற்ற டிரெஸாஜ் குதிரையும் பயிற்சியும் நம் மலையில் கிடைப்பது கடினம், பணமும் நிறைய வேண்டும். டோக்கியோவில் இலங்கைக்காகக் குதிரையேறிய மத்தில்டா கார்ல்சன் இங்கே பிறந்து சுவீடன் குடும்பத்துக்குத் தத்துப்போனவர், அவர் தடை தாண்டும் போட்டிக்காரர். பக்கத்தில் இந்தியா 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரெஸாஜ் அணித் தங்கம் வென்றது. அதில் ஒருவரான அனுஷ் அகர்வாலா கொல்கத்தாக்காரர், 17 வயதில் ஜேர்மனிக்குப் போய்ப் பயின்றவர். ஆனால் அடித்தளத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நுவரெலியாப் பந்தயத்திடல் 1875இல் இருந்து இருக்கிறது, ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகள் இங்கே உண்டு. அவற்றுக்குத் தெரிந்த ஒரே பாடம், வாரை இழுத்தால் அதில் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாகப் போவது. அதை மறக்கவைத்து மெதுவாக நடக்கப் பழக்குவதே ஒரு நல்ல டிரெஸாஜ் படிப்பு. சரிவில் ஏறி இறங்கி நடப்பது பின்னங்காலுக்கு அருமையான பயிற்சி, அது நமக்குச் சும்மா கிடைக்கிறது. 40க்கு 20 மீற்றர் சமதரை போதும் தொடங்க, சின்னத் திடலின் அளவு அது. சுண்ணாம்பால் கோடு போட்டுப் பெயின்ற் வாளிகளில் எழுத்து எழுதி வைத்துத்தான் நானும் நடத்துகிறேன்.

இன்னொன்று மனதில் கிடக்கிறது. துரைமார் காலத்தில் மலையில் குதிரை மேல் போனவர் துரை. அந்தக் குதிரைக்குப் புல்லறுத்து, தேய்த்து, இரவில் வயிற்றுவலி வந்தால் விடியும்வரை நடத்திக்கொண்டு நின்றது நம் ஆட்கள், குதிரைக்காரன் என்று பேர். என் தாத்தா அப்படி ஒருவர். அவர் ஒரு நாளும் சேணத்தில் உட்கார்ந்ததில்லை. குதிரை அவருடைய காலடிச் சத்தத்துக்குக் கனைக்கும் என்று அப்பா சொல்வார். உங்கள் மகள் ஏறப்போகிறாள் என்று படித்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

தொடங்குவது இப்படி. சனிக்கிழமை காலை, கூட்டம் வருமுன் வாவிக் கரைக்குப் போய், ஒரு சுற்றுக்கான காசைக் குதிரைக்கார அண்ணனிடம் கொடுத்து, ஏறாமல் அரை மணி குதிரையைத் தேய்க்க விடச் சொல்லுங்கள். குதிகால் உள்ள மூடிய சப்பாத்து போடட்டும். பின்பக்கமாகவோ மூக்குக்கு நேரெதிராகவோ போக வேண்டாம், அந்த இரண்டு இடமும் குதிரைக்குத் தெரியாது. தோளுக்கு அருகே, பேசிக்கொண்டே போகட்டும். கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது. (ஏறுகிற நாள் வந்தால் தலைக்கவசம் இல்லாமல் ஏற்றாதீர்கள்.) கழுத்து தோளோடு சேர்கிற மேட்டில், பிடரி மயிர் முடிகிற இடத்தில், விரல் நுனியால் சொறிந்து கொடுக்கட்டும், குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துகொள்ளும் இடம் அது. கொஞ்ச நேரத்தில் தலை தாழும், கீழுதடு தொங்கும், நீளமாக ஒரு மூச்சு வரும். அந்த மூச்சு வந்ததும் கையை எடுத்துவிட்டு ஓரடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். குதிரை திரும்பி அவளைத் தேடுகிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.